61 நாளில் ஒரு முடிவு: தொழில் மாற நினைப்போருக்குக் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களிலிருந்து. எழுதியவர்கள் எல்லாருமே முப்பதைத் தாண்டியவர்கள். எல்லாருடைய கடைசி வரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: “இனிமேல் மாற முடியுமா?” அதோடு “எந்த மாதத்தில் மாறலாம்?” என்றும் கேட்டிருக்கலாம். காற்றும் மீன்பிடித் தடைக்காலமும் மழையும் வருமானத்தைத் தீர்மானிக்கும் கரை இது.

கேள்வி: விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன். வயது 41, ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் பயந்துகொண்டு இருக்கிறார்கள். கடற்பாசி வளர்ப்புக்கு மாறலாம் என்று மனைவி சொல்கிறாள். படகு வேலையை உடனே விட்டுவிடலாமா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: உடனே விட வேண்டாம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். மீதி நாள் கரையில் இருக்கிறீர்கள். பாசியைச் சோதித்துப் பார்க்க அந்த நாட்கள் போதும், அதுவும் மனைவி கூட நிற்கும்போது.

முதலில் கணக்கு. நம் ஊரில் இன்றும் பலர் ‘பெப்சி பாசி’ என்று சொல்லும் கப்பாஃபைகஸ் பாசிக்கு வழக்கமான மிதவை 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். நான்கு மூலையிலும் 4 அடி மூங்கிலைக் குறுக்கே கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் முதல் அலையிலேயே சட்டம் சாய்சதுரமாகிவிடும். ஒரு மிதவையில் 20 கயிறு, ஒரு கயிற்றில் 20 முடிச்சு, ஒரு முடிச்சில் 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ. 45 நாளில் நல்ல மிதவை 240 முதல் 260 கிலோ தரும். 250 என்று வையுங்கள். அதில் 60 கிலோ மறு விதைக்குப் போனால் மிச்சம் 190. காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, 19 கிலோ. விற்பது இந்த 19 கிலோவைத்தான். ஈரப்பாசி எடையைச் சொல்லி ஆசை காட்டுபவரிடம் காய்ந்த எடையைக் கேளுங்கள்.

ஒருவருக்கு 45 மிதவை என்பது கணக்கு. தினம் ஒன்றாக அறுத்தால் 45-ஆம் நாள் முதல் மிதவை மறுபடி தயாராக இருக்கும். காய்ந்த பாசி கிலோ 60 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஒரு நாளைக்கு 1,140 ரூபாய். இதை 365-ஆல் பெருக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வாடைக்காற்றில் பாக் பக்கம் மிதவை உடையும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமில்லாத நீர் சூடேறி, பாசி நுனி வெளுத்து உதிரும். ஆண்டுக்கு நான்கு அறுப்பு என்று அடக்கமாகப் போடுங்கள்: 45 மிதவை, 19 கிலோ, நான்கு முறை என்றால் 3,420 கிலோ. 60 ரூபாய் வீதம் 2,05,200. மாதத்துக்கு 17,100 ரூபாய், செலவைக் கழிக்காமல். அதுவும் நீங்களும் மனைவியும் என்று இரண்டு பேர் உழைப்புக்கு. இந்தத் தொகையில் வீடு ஓடுமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இன்றைய விலையை வாங்குபவரிடம் கேட்டு, 60 இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, விதை. 45 மிதவைக்கு 2,700 கிலோ விதை வேண்டும். மொத்தமாக வாங்கி, முதல் சுற்றே கெட்டால் எழுந்திருக்க முடியாது. 10 மிதவையில் 600 கிலோவோடு தொடங்குங்கள். 45 நாளில் 2,500 கிலோ வரும்; அதில் ஒரு கிலோகூடக் காயவைக்காமல் அத்தனையையும் விதையாகக் கட்டினால் 41 மிதவை ஆகும். ஆக, காசு கண்ணில் படுவது 90-ஆம் நாளில்தான். அந்த மூன்று மாதமும் படகுப் பங்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வேலையை விடாதீர்கள் என்கிறோம்.

நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வாடை அடங்கி ஜனவரி 25 வாக்கில் 10 மிதவை இறக்கினால் மார்ச் 11-இல் முதல் அறுப்பு. அங்கிருந்து 41 மிதவை. அது முற்றுவது ஏப்ரல் 25. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அப்போது படகு கட்டிக் கிடக்கும், நீங்கள் கரையில் முழு ஆளாக இருப்பீர்கள். அறுத்து, காயவைத்து, விற்று, பணத்தை எண்ணிப் பார்த்து, ஜூன் 14-க்குள் முடிவெடுங்கள். கையிலுள்ள எண் சரியில்லை என்றால் 15-ஆம் தேதி படகில் ஏற யாரும் தடுக்கப் போவதில்லை.

அந்த 41 மிதவையையும் ஒரே நாளில் கட்டிவிடாதீர்கள். ஒரே நாளில் கட்டியது ஒரே நாளில் முற்றும். பத்து டன் ஈரப்பாசியை இரண்டு பேர் காயவைக்க முடியாது, ஒரு கோடை மழை வந்தால் கறுத்துவிடும். மார்ச்சில் நாளுக்கு மூன்று நான்காகப் பிரித்துக் கட்டுங்கள். ஏப்ரல் அறுப்பில் 10 மிதவைக்கான விதையை மட்டும் கொஞ்சம் ஆழமான, நீரோட்டமுள்ள இடத்துக்கு நகர்த்தி மே மாதத்தைக் கடத்த வேண்டும். விதையையும் விற்றுவிட்டு ஜூனில் அதிக விலைக்கு வாங்கி நிற்பவர்கள் உண்டு.

மிதவைக்கு அடியில் வலை கட்டாயம். உதிரும் துண்டுகளை அது தாங்கும். ஓரா மீன் கூட்டம் கீழிருந்து மேய்வதையும் தடுக்கும். நுனி எல்லாம் கத்தரித்ததுபோல இருந்தால் மீன் மேய்ந்திருக்கிறது. வெளுத்துக் குழைந்திருந்தால் சூடு அல்லது நோய். அந்தக் கயிற்றை உடனே எடுத்துவிடுங்கள், அதிலிருந்து விதை எடுக்காதீர்கள். பத்து மிதவையைச் சேர்த்துக் கட்டி 15 கிலோ நங்கூரத்தில் நிறுத்தலாம். வற்றத்தின்போது (கடல்நீர் இறங்கும் நேரம்) மிதவை தரை தட்டாத இடமா என்று முதலில் பாருங்கள். மணலில் காயவைத்தால் மண் ஒட்டி விலை குறையும். பரண் போட்டு அதன்மேல் காயவையுங்கள்.

இடத்தில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 2005 அரசாணைப்படி இந்தப் பாசியைப் பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. இந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறைமேல் படர்ந்து அதை மூடியதும் நடந்திருக்கிறது. “தெற்குவாடியில் தண்ணீர் அமைதியாக இருக்கிறதே” என்று அந்த வளைகுடாப் பக்கம் இறக்கினால் மிதவையும் போகும், வழக்கும் வரும்.

மானியம்: மீன்வளத் துறை வழியாக வரும் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. மனைவி பெயரில் விண்ணப்பிப்பது நல்லது. ஆனால் மானியத்தை நம்பி மூங்கில் வாங்காதீர்கள், அது பின்னால் வரும் பணம்.

கடைசியாக, படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு, எவ்வளவு கழிந்தது என்று இரண்டு பேரும் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விலகும் நாளில் பேசினால் அது சண்டையில் முடியும்.

கேள்வி: வயது 34. நாட்டுப்படகில் 15 வருட அனுபவம். ஒன்றரை லட்சம் கொடுத்தால் சரக்குக் கப்பலில் வேலை என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பலாமா?
– பாம்பன் வாசகர்

பதில்: நம்ப வேண்டாம். கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர்வதற்கான பயிற்சிக்கே வயது வரம்பு 25. நாட்டுப்படகு அனுபவம் அதற்கு ஈடாகாது. கப்பலுக்கு ஆள் எடுப்பவர் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர் வேலை தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டதிலேயே அவர் யாரென்று தெரிந்துவிட்டது.

கேள்வி: பி.காம் படித்து, ராமநாதபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் 9 ஆண்டு 4 மாதமாகக் கணக்காளர். வயது 35, அடிப்படைச் சம்பளம் 14,000. ஆசிரியர் ஆக வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே ஆசை. அடுத்த மாதம் ராஜினாமா செய்துவிட்டு பி.எட் சேரப் போகிறேன். சரிதானா?
– தேவிபட்டினம் வாசகி

பதில்: ராஜினாமா கடிதத்தை மேசைக்குள் வையுங்கள் அம்மா. தமிழ்நாட்டில் வணிகவியல் படித்தவர் பி.எட் சேர, பி.காம் மட்டும் போதாது, எம்.காம் வேண்டும். வணிகவியல் என்பது மேல்நிலை வகுப்புப் பாடம் என்பதால் அதற்கு முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர்தான். அறிவியல், கணிதம், மொழி படித்த தோழிகள் சொல்லும் வழி உங்களுக்குப் பொருந்தாது. அவர்கள் எழுதும் ஆசிரியர் தகுதித் தேர்வும் உங்களுக்கு இல்லை. நீங்கள் எழுத வேண்டியது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு.

எனவே வரிசை இப்படி: வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.காம், இரண்டு ஆண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நமக்குப் பக்கத்தில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அதன்பிறகுதான் வேலையை விட்டு இரண்டு ஆண்டு பி.எட். பி.எட்டையும் தபாலில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; தொலைநிலை பி.எட் ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. முடிக்கும்போது உங்களுக்கு 39, 40 ஆகியிருக்கும். அந்த வயது தடையில்லை, போட்டித் தேர்வின் வயது வரம்பு 50-ஐயும் தாண்டி நிற்கிறது.

இந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பில் இன்னொரு லாபம். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். (9 ஆண்டு 6 மாதம் ஆனாலே 10 என்று கணக்கிடுவார்கள். நீங்கள் இரண்டே மாதத்தில் அதை இழக்கப் பார்த்தீர்கள்.) 14,000 ரூபாய்க்கு 10 ஆண்டு என்றால், சம்பளத்தைச் சேவை ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுத்து, 58 வயதிலிருந்து மாதம் 2,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் வாழ்நாள் முழுக்க வருவது. வேலையை விட்டதும் அந்த ஓய்வூதியப் பகுதியை எடுக்க முயலாமல், சேவையைக் காக்கும் திட்டச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணிக்கொடை தனி. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சேவை ஆண்டால் பெருக்க வேண்டும். உங்களுக்கு ஓர் ஆண்டுக்கு 8,077 ரூபாய் வீதம் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும். ஆகவே எந்த ஆண்டில் விலகினாலும் ஆறு மாதம் தாண்டிய பிறகு கடிதம் கொடுங்கள். பி.எட் படிக்கும் இரண்டு ஆண்டு வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் ஒரு பங்கு உதவும்.

இதற்கிடையில் உங்களுக்கு வகுப்பறை பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பக்கத்து வீட்டு பிளஸ் டூ பிள்ளைகள் நான்கு பேருக்குச் சனி, ஞாயிறில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். ஒரே இருப்புநிலைக் குறிப்பை ஏழாவது முறையும் பொறுமையாக விளக்க முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: துபாயில் 16 ஆண்டு எலக்ட்ரீஷியன். வயது 44. சேமிப்பு 12 லட்சம். ஊருக்கு வந்து கடல் விரால் கூண்டு வளர்ப்பில் இறங்கலாமா? நண்பர்கள் “ஏழு மாதத்தில் இரட்டிப்பு” என்கிறார்கள்.
– கீழக்கரை வாசகர்

பதில்: கடல் விரால் வேகமாக வளரும் மீன், அது உண்மை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் அதன் குஞ்சுப் பொரிப்பில் வெற்றி பெற்ற பிறகுதான் நம் பக்கம் இது தொழிலாக வந்தது. 6 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய்க் கூண்டில் சுமார் 750 குஞ்சு விடுவார்கள். 600 பிழைத்து, ஏழு மாதத்தில் தலைக்கு 2.5 கிலோ என்றால் 1,500 கிலோ. இதுவரை எல்லாம் அழகாக இருக்கிறது.

நண்பர்கள் சொல்லாமல் விட்டது தீனி. ஒரு கிலோ மீன் ஏற, ஐந்து கிலோவுக்குக் குறையாமல் கழிவு மீன், சூடை, சாளை வேண்டும். மொத்தம் ஏழரை டன். கடைசி வாரங்களில் எடையில் 5 சதவீதம் போட்டால் தினம் 75 கிலோ. அந்த வாரங்கள் தடைக்காலத்தில் விழுந்தால் தீனி கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஆனால் தடைக்காலத்தில்தான் பெரிய மீனுக்கு விலையும் கூடும். எனவே ஏப்ரல் நடுவில் மீன் விற்கும் எடையில் இருக்கும்படி செப்டம்பரில் குஞ்சு விட்டு, கடைசி 20 நாள் தீனியை, ஒன்றரை டன், மார்ச்சிலேயே ஐஸ் பிளான்ட்டில் உறையவைத்திருப்பவர் தப்பிக்கிறார். நடுவில் வாடை வருகிறது. நங்கூரத்தில் காசு மிச்சம் பிடிப்பவர் கூண்டையே இழப்பார். கொட்டலசும் (வலையில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பாசியும் வலைக்கண்ணை அடைத்தால் உள்ளே நீரோட்டம் குறையும், மூச்சு முட்டும். மீன் தீனியைப் பாதியில் விட்டு விலகுவது முதல் அறிகுறி. அன்றே வலையை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு வலை உபரியாக எப்போதும் வேண்டும்.

இவ்வளவும் கடலறிந்தவர் செய்யும் வேலை. நீங்கள் கூலிக்கு ஆள் வைத்துக் கரையில் நின்றால் தீனி எங்கே போகிறது என்று தெரியாது. போதாததற்கு, கூண்டு நிற்கும் இடத்துக்கு அந்த ஊர் மீனவர் சம்மதமும் வேண்டும். எங்கள் கருத்து: 12 லட்சத்தில் பாதியை வீட்டுச் செலவுக்கென்று வங்கியில் போட்டுவிட்டு, கையிலுள்ள தொழிலிலிருந்து அரை அடி நகருங்கள், கூரைச் சூரிய மின்சாரத்துக்கு. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் வீடுகளுக்கு 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் இருப்பதால் வேலை இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் ஆறு மாதம் நிறுவும் பணி செய்யுங்கள். கரையோர வீடுகளில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்துவிடும்: பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் உப்புக்காற்றில் அரிப்பது, துருப்பிடிக்கும் மலிவு போல்ட், சரியாக அழுத்தாத ஒயர் இணைப்பு சூடேறிக் கருகுவது, நிலத்தொடர்புக் கம்பி அரித்துப் பெயரளவில் நிற்பது. இவற்றை ஒழுங்காகச் செய்பவருக்குக் கீழக்கரையில் பெயர் தானாகப் பரவும்.

துபாயை விட்டுக் கிளம்பும் முன் நிறுவனத்திடம் அனுபவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இங்கே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உச்ச வயது வரம்பு இல்லை. கூண்டு ஆசை விடவில்லை என்றால், மண்டபம் பக்கம் யாராவது ஒருவரின் கூண்டில் ஒரு சிறு பங்கு போட்டு, ஒரு சுற்று முழுக்கத் தீனிக் கணக்கை நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: 25 வருடமாகத் தலைச்சுமையாக மீன் விற்கிறேன். வயது 50, முழங்கால் வலி. உட்கார்ந்த இடத்தில் கருவாடு போட்டு பாக்கெட்டில் விற்கலாம் என்று மகள் சொல்கிறாள்.
– திருப்பாலைக்குடி வாசகி (மகள் எழுதியது)

பதில்: மீன் பார்த்து வாங்கும் கண் உங்களுக்கு இருக்கிறது, பாதி வேலை முடிந்தது. அடக்க விலையில்தான் புதியவர் ஏமாறுவார். 10 கிலோ ஈர நெத்திலி காய்ந்தால் 3 கிலோவுக்குக் குறைவாகத்தான் தேறும். ஈர மீன் கிலோ 100 ரூபாய் என்றால் கருவாட்டின் அடக்கமே கிலோ 330-ஐத் தாண்டும். கூலி, பாக்கெட், உடைசல் அதற்கு மேல்.

நெத்திலிக்கு உப்பு வேண்டாம், அலசி நேராகக் காயவைக்கலாம். நடுத்தர மீனைக் குடல் நீக்கி, நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு. பெரிய மீனுக்கு மூன்றுக்கு ஒன்று, ஒரு நாள் ஊற வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் கருவாட்டில் இளஞ்சிவப்புப் படலம் வந்தால் அது சுத்தமில்லாத உப்பிலிருந்து வந்த நுண்ணுயிர். ஒருமுறை பயன்படுத்திய உப்பை மறுபடி போடாதீர்கள். மணலில் கொட்டாமல் இடுப்பு உயரப் பரணில், மேலும் கீழும் காற்றோடக் காயவைத்து, ஈ மொய்க்காமல் மேலே வலை மூடுங்கள். முதல் நாளே கொடும் வெயிலில் போட்டால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நிற்கும், பாக்கெட்டுக்குள் நாறும். பெரிய மீனை முதல் நாள் உச்சி நேரத்தில் நிழலுக்கு மாற்றுங்கள். சூட்டோடு பாக்கெட் போட்டாலும் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும், ஆறவிட்டு அடையுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பாக்கெட்டில் பெயர், எடை, பொதி செய்த தேதி, விலை, முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் கூடையையும் வாரம் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கை வீடுகளே முதல் பாக்கெட்டை வாங்கும்.

கேள்வி: உப்பளத்தில் வேலை, வயது 46. 2011 முதல் கார் ஓட்டும் உரிமம் இருக்கிறது. ராமேசுவரத்தில் டாக்சி ஓட்டலாம் என்று இருக்கிறேன். ‘பேட்ஜ்’ (வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி) வாங்கப் பணம் கேட்கிறார் ஒரு புரோக்கர்.
– வாலிநோக்கம் வாசகர்

பதில்: புரோக்கர் தேவையில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது: இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தை ஓட்டலாம். டாக்சியும் சிறிய வேனும் இதில் அடங்கும். உரிமம் காலாவதி ஆகவில்லையா என்று மட்டும் பாருங்கள். 40 வயதுக்கு மேல் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். பஸ் போன்ற கனரக வாகனம் ஓட்ட ஆசை என்றால் தனி உரிமம் வேண்டும், அதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

உங்களுக்கு நாள்காட்டியும் சாதகம். ஐப்பசி மழையில் உப்பளம் படுத்துக் கிடக்கும் மாதங்களில்தான் ராமேசுவரத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அதையொட்டித் தை அமாவாசை. இந்த ஆண்டு அக்டோபரில் உப்பு வேலை நின்றதும், சொந்தமாகக் கார் வாங்காமல், இரண்டு மூன்று டாக்சி உரிமையாளர்களிடம் பதிலி ஓட்டுநராகப் பெயர் கொடுங்கள். தை அமாவாசை முடிந்த மறுநாள் டீசல், சாப்பாடு, பஸ் கட்டணம் கழித்துக் கையில் நின்றதை எண்ணுங்கள். மாசியில் பாத்தி கட்டக் கூப்பிடும்போது போவதா வேண்டாமா என்று சொல்ல அந்த எண் போதும்.